எண்பதில் அடிக்கும் தவில்

75 வரைக்கும் பரம சாது. 78-ல் லேசாகத் தொண்டையைச் செருமும். 80-ஐத் தொட்டதும் ஆரம்பிக்கும் பாருங்கள் கச்சேரி! ஸ்டீரிங் இடதும் வலதுமாகத் தலையாட்டும். சீட்டுக்கு அடியில் எறும்பு ஊரும். டேஷ்போர்டு பெட்டிக்குள் அப்பா போட்டுவைத்த சில்லறைக் காசுகள் சலங்கை கட்டிக்கொள்ளும். உள்கண்ணாடியில், பின்னால் வரும் ஒரு லாரி இரண்டு லாரியாகத் தெரியும். 90-ஐத் தாண்டினால் ஸ்டீரிங் கொஞ்சம் அடங்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதற்குள் பின்சீட்டில் அம்மா மருதமலை முருகனிடம் இரண்டு வேண்டுதலாவது வைத்திருப்பார்.

வண்டி, 1994 மாடல் அம்பாசடர். ஐந்து கியர், இசுசு 1,800 சிசி பெட்ரோல் எஞ்சின். மோரிஸ் ஆக்ஸ்போர்டின் உடம்பை வாங்கிக்கொண்டு மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் பிறந்து, 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றுபோன அந்தப் பரம்பரையில், இசுசு எஞ்சின் போட்ட பிள்ளைகள்தான் ஓட்டப் பந்தயக்காரர்கள். ‘கலெக்டர் உருவம், காலேஜ் பையன் வேகம்’ என்பார் அப்பா. அவர் போய் நான்கு வருஷம் ஆகிறது. வண்டியை விற்க மனசு வரவில்லை. 80-க்கு மேல் ஓட்டவும் முடியவில்லை.

வண்டி நடுங்குகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், ஊரே டாக்டராகிவிடும். ஒருவர் டயர் என்றார், நான்கையும் மாற்றினேன். இன்னொருவர் வீல் பேலன்சிங் என்றார். செய்தேன், ரசீதும் வைத்திருக்கிறேன். மூன்றாமவர் பானட்டைத் திறந்து இரண்டு நிமிஷம் முறைத்துப் பார்த்துவிட்டு, ‘எஞ்சின் மவுண்டிங் போயிருச்சு’ என்று அடித்துச் சொன்னார். அதுவும் புதுசு போட்டாயிற்று. முப்பதாயிரத்துக்கு மேல் கரைந்தது. தவில் மட்டும் தாளம் தப்பவில்லை.

அப்படித்தான் கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு சந்துக்குள், போர்டுகூட இல்லாத ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். வேப்பமரம், தகரக் கூரை, தரையில் ஆள் நிற்கிற ஆழத்துக்கு ஒரு குழி. மெக்கானிக் அண்ணனுக்கு அறுபது வயசு தாண்டியிருக்கும். கையைப் பார்த்தால் நாற்பது வருஷ கிரீஸ் ரேகையோடு ரேகையாகப் படிந்திருக்கிறது. வாடிக்கையாளர் உட்கார வாசலில் ஒரு பெஞ்சு உண்டு. நான் அதில் உட்காரவில்லை.

“உள்ள வந்து பார்க்கலாமாங்ண்ணா?”

“சேலையெல்லாம் கிரீசாயிருமுங் அம்மிணி.”

“ஆகட்டுமுங்.”

அவ்வளவுதான்! வாசல் பெஞ்சுக்கு அந்தப் பக்கம், இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்த உலகத்துக்குள் அனுமதி கிடைத்துவிட்டது. அடுத்த மூன்று நாள் ஆபீசுக்கு நான் சொன்ன பொய்களை இங்கே எழுத முடியாது.

உள்ளே போனதும் ஸ்பேனர் சத்தம் பறக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் வண்டியைத் தொடவே இல்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, டீ சொல்லிவிட்டு, என்னைத்தான் கழற்ற ஆரம்பித்தார்.

“எத்தனைல ஆரம்பிக்குதுங்? எத்தனைல அடங்குதுங்? பிரேக் புடிச்சாக் கூடுதா? மேடு ஏறுறப்பக் கூடுதா, எறக்கத்துல கால எடுத்தாக் கூடுதா? நின்னுட்டு இருக்கறப்ப எஞ்சின ரேஸ் பண்ணுனா வருதா? காலைல மொத அஞ்சு கிலோமீட்டர் மட்டும் வருதா, நாளு பூராம் வருதா? கையில தெரியுதா, உக்கார்ற எடத்துல தெரியுதா?”

ஒவ்வொரு கேள்வியும் ஒரு கதவைச் சாத்துவதற்காம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் உதறினால் டிரம் வட்டம் கெட்டுப்போய் முட்டை வடிவமாகியிருக்கும். காலையில் மட்டும் துள்ளிவிட்டு அப்புறம் சரியானால், ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் நின்று டயரின் அடிப்பக்கம் தட்டையாகியிருக்கும். பழைய நைலான் டயர்களுக்கு அந்த வியாதி அதிகம். நிற்கும்போதே ஆடினால் எஞ்சின். கையில் வந்தால் முன்பக்கம், உட்காரும் இடத்தில் வந்தால் பின்பக்கம். எனக்கோ இரண்டிலும் வருகிறது. சொன்னதும் அண்ணன் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சிரித்தார்.

“அப்ப ரெண்டு திருடனுங்.”

நடுவில் ஒரு மாருதி 800 வந்து நின்றது. அதன் சொந்தக்காரரும் ‘ஐட்லிங்கில் ஆடுதுங்’ என்றார். அண்ணன் பானட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டு ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்காமல் அனுப்பிவிட்டார். “அதுக்கு மூணே சிலிண்டருங். அது பொறவிக் கொணம்.” உண்மைதான். மூன்று சிலிண்டர் எஞ்சினில் மேலும் கீழும் இழுக்கிற விசைகள் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டாலும், இந்த முனையும் அந்த முனையும் ஏற்ற இறக்கப் பலகை மாதிரி மாறி மாறி எழும்பப் பார்க்கும். ரப்பர் மவுண்டிங் அதை விழுங்கும், ஆனால் முழுசாக விழுங்காது. நோயையும் குணத்தையும் பிரித்துச் சொல்லிக் காசு வாங்காமல் அனுப்புகிற வைத்தியரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“கடைசியா வண்டிக்கு என்ன சோலி பண்ணுனீங்?” என்று கேட்டார். டயர், பேலன்சிங், மவுண்டிங் என்று வரிசையாகச் சொன்னேன். ஒன்றை மறந்துவிட்டேன். அது அப்புறம் வருகிறது.

மறுநாள் காலை ஆறு மணி, டெஸ்ட் டிரைவ். அவிநாசி ரோட்டில் கூட்டம் சேரும் முன்னால் கிளம்பிவிட வேண்டும். அண்ணன் ஓட்டுகிறார், நான் பக்கத்தில். பின்சீட்டில் ஒர்க்‌ஷாப் தம்பி. இருபது வயசு, ஐ.டி.ஐ. முடித்த கையோடு வந்தவன். டேஷ்போர்டில் அரை பாட்டில் தண்ணீர். வழியில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் நடத்துகிற கார் மியூசியம் வந்தது. அண்ணன் அந்தப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். கோயிலைக் கடந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வது போலத்தான், யோசிக்காமல்.

தம்பிக்குத் தாகம் போலிருக்கிறது, பாட்டிலை எடுக்கப் போனான். “டேய்! அது குடிக்கறதுக்கில்ல, கருவி!” என்று ஒரு அதட்டல் விழுந்தது.

கருவியேதான்! நீலாம்பூரைத் தாண்டி பைபாஸில் ஏறி வண்டி 80-ஐத் தொட்டபோது பார்த்தேன். பாட்டிலுக்குள் தண்ணீர் இரண்டு விதமாக ஆடியது. பெரிய ஆட்டம் ஒன்று, தளும்பல். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு. அதன் மேலேயே, மாவுச் சல்லடையைத் தட்டினால் மாவு பொரிப்பொரியாக நிற்குமே, அந்த மாதிரி நுணுக்கமான ஒரு சிலிர்ப்பு. ஒரே பாட்டிலில் தவிலும் தம்புராவும்!

“இப்பப் பாருங்” என்று சொல்லிவிட்டு 85-ல் வண்டியை நியூட்ரலுக்குத் தள்ளினார். எஞ்சின் ஐட்லிங்குக்கு இறங்கிவிட்டது. தளும்பலும் நிற்கவில்லை, சிலிர்ப்பும் நிற்கவில்லை. என் எஞ்சின் மவுண்டிங் காசு காற்றில் பறந்துபோவதை அந்த நொடியில் கண்ணால் பார்த்தேன். எஞ்சின் தூங்கும்போதும் நடுக்கம் இருந்தால் குற்றவாளி எஞ்சின் இல்லை. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற ஏதோ ஒன்று. இந்தச் சோதனைக்கு ஆன செலவு பூஜ்யம். எடுத்துக்கொண்ட நேரம் ஆறு நொடி. மூன்று பேர் என் வண்டியைப் பார்த்திருக்கிறார்கள், ஒருவர்கூட இதைச் செய்யவில்லை. போகட்டும்.

அடுத்தது எண்ணிக்கை. அண்ணன் வாயால் போட்ட கணக்கை நான் வீட்டுக்கு வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். அதாவது சக்கரம் ஒரு நொடிக்கு 11 சுற்று. ஆனால் எஞ்சின் பக்கமிருந்து பின் அச்சுக்குச் சக்தியைக் கொண்டுபோகிற நீளமான குழாய், புரொபெல்லர் ஷாஃப்ட், அதைப் போல நான்கு மடங்கு வாக்கில் சுற்றும். ஏனென்றால் பின் அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்துத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கின்றன. அப்படியானால் நொடிக்கு 45 பக்கம். தளும்பல் 11, சிலிர்ப்பு 45. திருடன் கைரேகையை வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

“அண்ணா, இங்க பாருங்ண்ணா!” என்று பின்சீட்டிலிருந்து தம்பி கத்தினான். அவன் போனை சீட்டில் அழுத்திப் பிடித்து, அதிர்வை அளக்கும் ஆப் ஒன்றை ஓடவிட்டிருந்தான். திரையில் இரண்டு கோபுரம். ஒன்று 11 பக்கத்தில், இன்னொன்று 45-ஐ ஒட்டி. பாட்டிலும் போனும் ஒரே வாக்குமூலம்! நான் கைதட்டினேன். அண்ணன் போனை ஓரக்கண்ணால் பார்த்தார். “அதுக்கு சார்ஜ் போடோணும். பாட்டிலுக்கு வேண்டாமுங்” என்றார்.

முதல் திருடன் சீக்கிரமே பிடிபட்டான். இவ்வளவு பில்டப்புக்கு அவன் தகுதியே இல்லாதவன். இடது முன் சக்கரத்தைக் கழற்றினால், சக்கரம் போய் உட்காருகிற முகத்தில் ஒரு ஓரமாகத் துருச் செதில். அரிசிமணி கனம் இருக்காது. பேலன்சிங் மிஷினில் ஏற்றும்போது இந்தத் துரு அங்கே இல்லை, அதனால் மிஷின் ‘சரி’ என்று சொல்லும். வண்டியில் மாட்டும்போது சக்கரம் ஒரு மயிரிழை சாய்ந்து உட்காரும். என் ரசீது பொய் சொல்லவில்லை. அது வேறொரு இடத்து உண்மை, அவ்வளவுதான். வயர் பிரஷ்ஷால் கரகரவென்று தேய்த்து, எதிர் எதிர் நட்டாக முடுக்கினார்கள். பதினைந்து நிமிஷம்.

இவ்வளவு சின்ன விஷயம் ஸ்டீரிங்கையே ஆட்டுமா என்று எனக்குச் சந்தேகம். சுழற்சிக்குச் சின்னது பெரியது கிடையாது. ரிம் ஓரத்தில் வெறும் 30 கிராம் ஒரு பக்கமாகக் கூடியிருந்தால், 80 வேகத்தில் அது கிட்டத்தட்ட 3 கிலோ எடையின் பலத்தோடு வெளியே இழுக்கும், நொடிக்கு 11 தடவை திசை மாற்றி. வாஷிங் மிஷினில் ஈரத் துண்டெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கினால் மிஷினே நடந்து கதவு வரைக்கும் வருமே, அதே கதை. ஏன் 80-ல் மட்டும் என்றால், ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சலுக்கென்று ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்துக்குத் தள்ளினால் குழந்தை தள்ளினாலும் வானத்துக்குப் போகும். தாளம் தப்பித் தள்ளினால் பயில்வான் தள்ளினாலும் போகாது. வண்டியின் முன்பக்கத்துக்கும் ஸ்டீரிங்குக்கும் ஒரு சொந்தத் தாளம் இருக்கிறது. என் சக்கரம் 80-ல் அதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. 90-ல் தாளம் தப்பியதால் அடங்கியிருக்கிறது.

மறுபடியும் பைபாஸ். ஸ்டீரிங் கல் மாதிரி நின்றது! பாட்டிலில் தளும்பல் போயிற்று. ஆனால் தவில் நின்றதும் தம்புரா கணீரென்று கேட்க ஆரம்பித்துவிட்டது. இதுவரை பெரியவன் போட்ட கூச்சலில் சின்னவன் ஒளிந்திருந்தான். இப்போது சீட்டில், தரையில், கியர் ராடின் குமிழில் ஒரே ரீங்காரம். இது ஊஞ்சல் ஜாதி இல்லை. வேகம் கூடக்கூடக் கூடிக்கொண்டே போனது. “ஷாஃப்ட்டுங்” என்றார் அண்ணன்.

குழி! நான் காத்திருந்த இடம். வண்டியைக் குழிக்கு மேலே நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் போட்டு, எஞ்சினை அணைத்து, சாவியை அண்ணன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சாவி பையில் இல்லாமல் குழிக்குள் யாரும் இறங்கக்கூடாது என்பது அங்கே சட்டம். என் தலையில் ஒரு பழைய துண்டைக் கட்டி, கையில் டார்ச்சைக் கொடுத்தார்கள். ஐந்து படி.

அம்பாசடரை மேலிருந்து பார்த்தால் மாமா மாதிரி இருக்கும். கீழிருந்து பார்த்தால் எலும்பும் நரம்பும்! நடுவில் நீளமாக அந்தக் குழாய். பின்னால் கர்ப்பிணி வயிறு மாதிரி உப்பிய அச்சுப் பெட்டி. இரண்டு பக்கமும் வில்பட்டைகள் அடுக்கடுக்காக வளைந்து நிற்கின்றன. முப்பது வருஷமாக எங்கள் குடும்பத்தைக் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் சுமந்த சாமான்களை, முதல்முறையாக அண்ணாந்து பார்த்தேன்.

அண்ணன் ஷாஃப்டைக் கையால் மெதுவாக உருட்டினார். கறுப்பாக இருந்தது. எல்லாமே கறுப்பாகத்தான் இருந்தது, அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் நகத்தால் கீறினார். ரப்பர் மாதிரி ஒரு தோல் உரிந்து வந்தது. இன்னும் கொஞ்சம் உருட்டினார். ஒரு பக்கம் வழவழப்பு. மறுபக்கம் கரும்புச்சாறு காய்ச்சின கொப்பரையின் அடியில் ஒட்டுகிற பாகு மாதிரி கட்டி கட்டியாக, சொட்டுச் சொட்டாக இறுகிப்போய் நிற்கிறது.

“அம்மிணி, எப்பவாச்சும் அடிப்பக்கம் கோட்டிங் அடிச்சீங்களா?”

அடித்தேன்! இரண்டு வருஷம் முன்னால், மழைக்காலம் வருகிறது, அப்பாவின் வண்டி துருப்பிடிக்கக் கூடாது என்று, பாசத்தில், பணம் கட்டி, ‘ஒரு இடம் விடாமல் அடிங்க’ என்று நானே சொல்லி அடித்தேன். ஒரு இடம்கூட விடவில்லை அவர்கள். சுற்றுகிற ஷாஃப்டையும் விடவில்லை. வண்டி நின்றிருந்தபடியே அடித்ததால் எதிரே இருந்த பக்கம் தடியாகப் பிடித்து, மறுபக்கம் பேருக்குப் படிந்திருக்கிறது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை. “அட கெரகமே” என்று ஒரே வார்த்தை, அதுவும் ஷாஃப்டைப் பார்த்துத்தான்.

மரக் கைப்பிடி போட்ட தேய்ந்த உளி, ஒரு துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய். நானும் சுரண்டினேன்! உள்ளங்கையில் சேர்ந்த கறுப்பு உருண்டையைத் தம்பி பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தான். 85 கிராம். ஒரு கைப்பிடி உளுந்துகூட இல்லை. அதில் 20 கிராம் மட்டும் ஒரே பக்கமாக இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், நொடிக்கு 45 சுற்றில் அது 5 கிலோவுக்கு மேல் பலத்தோடு இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும் என்பதால்தான் சக்கரத்தில் தாங்குகிற பிழையை ஷாஃப்ட் தாங்குவதில்லை.

கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அண்ணன் ஷாஃப்டை விடவில்லை. பின் மூட்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருகினார். மூட்டுக்குள் இருக்கும் கூட்டல் குறி மாதிரியான சாமானுக்கு இங்கே ‘கிராஸ்’ என்று பெயர். அதன் நான்கு முனைகளிலும் தொப்பி மாதிரி கப். கப்புக்குள் ஊசி ஊசியாக உருளைகள். ஒரு கப்பின் ஓரத்தில் குங்குமம் உதிர்ந்த மாதிரி சிவப்புப் பொடி. கிரீஸ் வற்றி இரும்பும் இரும்பும் உரசின அடையாளம் அது. நடுக்கம் மூட்டைக் கெடுத்ததா, மூட்டுக் கெட்டது நடுக்கத்தைக் கூட்டியதா? “கோழியா முட்டையான்னு கேக்கறீங்” என்றார்.

இந்த மூட்டு ஒரு வினோதப் பிராணி. சாய்வாக நின்று சுற்றும்போது, உள்ளே வருகிற வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகிற வேகம் சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். அதனால்தான் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று. முன் மூட்டு செய்த குளறுபடியைப் பின் மூட்டு அப்படியே திருப்பிச் செய்து ஈடுகட்டிவிடும், இரண்டின் சாய்வும் ஒன்றாக இருக்கிற வரைக்கும். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் ஆராய்ந்த விஷயம் இது. ஸ்பிரிங்கை இழுத்தால் எவ்வளவு நீளும் என்று பள்ளிக்கூடத்தில் விதி படித்தோமே, அதே ஹூக்! பத்தாம் வகுப்பில் என்னை அழவைத்த மனுஷரைச் சிங்காநல்லூர்க் குழிக்குள் சந்திப்பேன் என்று நினைக்கவில்லை.

கழற்றும் முன்னால் ஷாஃப்டின் தட்டிலும் அச்சின் தட்டிலும் நேருக்கு நேராக ஒரு பஞ்ச் புள்ளி அடித்தார். நான்கு போல்ட்டும் எந்தப் பக்கம் திருப்பினாலும் பொருந்தும். ஆனால் பழைய முகத்தோடு பழைய முகம் சேரவில்லையென்றால் புது நடுக்கம் பிறக்கும். எத்தனையோ வண்டிகளில் புது கிராஸ் போட்ட பிறகும் ரீங்காரம் நிற்காததற்கு அந்த ஒரு புள்ளி இல்லாததே காரணம் என்றார். இரண்டு கிராஸும் புதுசு. கிடைக்குமா என்று நான் பயந்தேன். பத்து நிமிஷத்தில் டி.வி.எஸ். ஃபிப்டியில் வந்து இறங்கிவிட்டது.

மாட்டி ஓட்டினோம். அப்பாடா! 80, 90, நூறு. கையில் ஒன்றுமில்லை. சீட்டில் ஒன்றுமில்லை. நான் சாக்லேட் வாங்கக் கடை தேட ஆரம்பித்துவிட்டேன். அண்ணன் மட்டும் செருப்பைக் கழற்றி வெறும் பாதத்தைத் தரையில் வைத்து, கண்ணைச் சுருக்கி, பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரின் ஓரத்தில், சுவரை ஒட்டி, நூலளவுக்கு ஒரு சிலிர்ப்பு.

“இன்னும் கொஞ்சூண்டு இருக்குதுங்.”

“எனக்கு ஒண்ணும் தெரியலைங்ண்ணா!”

“எனக்குத் தெரியுதுங்ளே.”

பிறகு நடந்ததைத்தான் நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் பெட்டியிலிருந்து இரண்டு ஹோஸ் கிளிப் எடுத்தார். தண்ணீர்க் குழாயை மோட்டாரோடு இறுக்குவோமே, ஒரு திருகு வைத்த தகர வளையம், அதேதான்! ஷாஃப்டைச் சுற்றி 1, 2, 3, 4 என்று சாக்பீஸால் எழுதினார். இரண்டு கிளிப்பையும் பக்கத்தில் பக்கத்தில், திருகுகள் ஒரே நேரில் வருமாறு ஷாஃப்டில் மாட்டி, இறுக்கினார். கிளிப்பில் கனமான இடம் அந்தத் திருகு. முதலில் திருகு 1-க்கு நேராக. பைபாஸ் போய் வந்தோம்: சிலிர்ப்பு கூடிவிட்டது. குழியில் இறங்கி, 2-க்குத் திருப்பி, மறுபடி பைபாஸ்: கிட்டத்தட்ட பழையபடி. 3-ல் வைத்தபோது பாட்டில் கண்ணாடி! 4: மறுபடி நூல். அதாவது ஷாஃப்டின் கனமான பக்கம் 1-ஐ ஒட்டி இருக்கிறது. அதற்கு நேரெதிரே எடை சேர்த்தால் சமன். எடை தெரியாத ஒரு பொருளை, அதன் கோபத்தை வைத்தே எடை போடுகிறார் மனுஷன்! நான்கு தடவை போய் வந்ததில் வழியில் இருந்த டீக்கடைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கிளிப்போடேயே ஓட்டலாமே என்றேன். முகத்தைச் சுளித்தார். அது கழன்றால் எங்கே போய்ச் சுற்றுமோ. தவிர, அது கண்டுபிடிக்கத்தானே ஒழிய வாழ்வதற்கு இல்லை. ஷாஃப்டைத் துணியில் சுற்றி, குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிப்போவது போலக் கணபதிப் பகுதியில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். லேத்துகள் வரிசையாக ஓடும் தெரு. இரும்புத் துருவல் காலில் மிதிபடும். அங்கே ஒரு பேலன்சிங் மிஷின். ஷாஃப்டைப் படுக்க வைத்துச் சுற்றினால், எந்தக் கோணத்தில் எத்தனை கிராம் குறைகிறது என்று சொல்லிவிடும். சுற்றியது. ஊளையிட்டது. நின்றது. மிஷின்காரர் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார்.

கோடு, 3-க்குப் பக்கத்தில் ஒரு விரற்கடை தள்ளி விழுந்திருந்தது.

நான் கத்தியே விட்டேன். தம்பி என்னைவிடப் பெரிதாகக் கத்தினான். மிஷின்காரர் பயந்து சுவிட்சைத் தொட்டார். அண்ணன் மட்டும் “சரிங், பத்த வைங்” என்றார். நகத்தளவு தகரத் துண்டு ஒன்று, இரண்டு பொட்டு வெல்டிங். வேலை முடிந்தது. அதற்கு மேல் பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பில், சிகரெட் அட்டையின் பின்பக்கம். கிராஸ் இரண்டு, பட்டறைக் கூலி, பெட்ரோல். கடைசி வரியில், ‘சுரண்டுனது – 200’. மூன்று நாள் கேள்வி கேட்டதற்கும், வெறும் காலால் கேட்டதற்கும் ஒரு வரியும் இல்லை. கூட்டிக் கொடுத்தேன். கூட்டினதில் பாதியைத் தம்பியின் பையில் திணித்துவிட்டு மீதியை வாங்கிக்கொண்டார்.

கடைசி ஓட்டம், இந்தத் தடவை நான் ஸ்டீரிங்கில். நீலாம்பூர் பாலத்தைத் தாண்டினதும் மிதித்தேன். 75. 78. கை தானாக இறுகியது. 80. காசுகள் பெட்டிக்குள் சும்மா கிடந்தன. உள்கண்ணாடியில் ஒரு லாரி, ஒரே லாரி. 90. பின்னாலிருந்து தம்பி போனை எட்டிப் பார்த்துவிட்டு, “கோபுரத்தைக் காணோங்க்கா” என்றான், கொஞ்சம் வருத்தமாக.

அண்ணன் டேஷ்போர்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டிப் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, அண்ணாந்து, மூன்று நாள் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.